மங்கலாகத் தெரிந்த ஊதா

உங்கள் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள். இன்னும் வெகு நேரத்துக்கு உங்களால் செய்தித்தாள் படிக்க முடியாது, கைப்பேசியைப் பார்க்க முடியாது. ஆகவே என் பேச்சைக் கேட்பதைத் தவிர உங்களுக்கு வேறு வழியில்லை. கல்லூரியில் முப்பது ஆண்டு பௌதிகம் நடத்தியவன் நான். இவ்வளவு ஒழுங்காக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவன் எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை.

தூரத்தில் இருப்பது தெரியும், பயப்படாதீர்கள். கிட்டத்தில் இருப்பதுதான் கலங்கும். கண் பாப்பா விரிவதால் அப்படி ஆகிறது என்று நர்ஸ் சொல்லியிருப்பாள். அது அரைகுறை. உள்ளே ஒரு தசை இருக்கிறது, அது வேலைநிறுத்தம் செய்கிறது. அதுதான் காரணம். யாரும் சரியாகச் சொல்வதில்லை.

தூரம் தெரிகிறது அல்லவா? அதோ, நாலாவது வரிசையில், ஜன்னலோரம், வெள்ளைச் சுடிதார் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், பாருங்கள். என் மருமகள். கோகிலவாணி. திருப்பூரிலிருந்து கோயம்புத்தூருக்கு என்னைப் பஸ்ஸில் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான். நீங்கள் வரும்வரை என் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவள் அங்கே போய் உட்கார்ந்தாள்.

என்னோடு அவள் பேசுவதில்லை. ஆயுத பூஜையிலிருந்து பேசுவதில்லை. மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது. வேளைக்குச் சாப்பாடு வரும். "காபி டேபிள்ல இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். "மாத்திரை போடற நேரமாச்சு" என்று கடிகாரத்திடம் சொல்வாள். எங்கள் வீட்டுக் கடிகாரத்துக்கு இவ்வளவு மரியாதை முன்பு கிடைத்ததில்லை. எனக்கு இந்தக் கண்ணில் புரை எடுத்தபோது, நேரம் தவறாமல் மருந்து விட்டவளும் அவள்தான். இமையைப் பிரித்துப் பிடித்து, ஒரு சொட்டு, மூடு. ஒரு வார்த்தை கிடையாது. மருந்து விடுகிறவள் முகம் நம் முகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று உங்களுக்கு இன்றைக்குத் தெரிந்திருக்கும்.

இதுதான் என் குறை. நியாயம் யார் பக்கம் என்று நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் மூன்றாம் மனிதர்.

அவளுடைய வேலையை முதலில் சொல்ல வேண்டும். ஏற்றுமதி பனியன் துணிக்கு நிறம் பார்க்கிற வேலை. வெளிநாட்டுக்காரன் ஒரு சிறு துண்டுத் துணி அனுப்புவான். சாயப்பட்டறையிலிருந்து வருகிற ஒவ்வொரு ரோலும் அந்தத் துண்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் கையெழுத்து இல்லாமல் லாரி நகராது. வெள்ளை என்று நாம் ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறோமே, அதில் அவளுக்கு ஒரு பெரிய குடும்பமே தெரியும். பால் வெள்ளை, எலும்பு வெள்ளை, நீலம் போட்ட வெள்ளை. என் வேட்டியைப் பார்த்துவிட்டு, "மாமா, இது போன வருசத்து வேட்டி. பொங்கலுக்கு எடுத்தது பீரோவுல இருக்கு, கட்டிட்டு வாங்க" என்பாள். இரண்டும் எனக்கு ஒரே வேட்டிதான்.

அந்தக் கம்பெனியில் ஆண்டுக்கொரு முறை இவர்களுக்குக் கண் சோதனை நடக்கும். கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் நிறவில்லைகளைக் கலைத்துப் போட்டு, வரிசையாக அடுக்கச் சொல்வார்கள். முதலில் ஒரு கண்ணால், பிறகு மறு கண்ணால். ஒரு வில்லைகூட இடம் மாறாமல் அடுக்கியவள் இவள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "மாமா, நீங்க நியூட்டன்னா நான் நியூட்டனோட கண்ணு" என்றாள். அப்படியெல்லாம் என்னோடு வாயாடுவாள். என் மகன் பரணிக்கு ஓசூரில் வேலை, வாரத்துக்கு ஒருமுறை வருவான். வந்தாலும் அவன் பேசுவது கைப்பேசியோடுதான். என் மனைவி கௌசல்யாவுக்கு நான் பேச ஆரம்பித்தாலே கொட்டாவி வரும். வீட்டில் என்னோடு எதிர்வாதம் செய்ய இருந்தது அவள் ஒருத்திதான். இதை நான் அவளிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அப்போது தோன்றவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள், இரண்டு ரோல் வெள்ளை, டியூப்லைட்டில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தனவாம். ஒன்றில் பளிச்சென்று காட்டும் ரசாயனம் ஏற்றியிருந்தார்களாம். வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம். அந்த ரசாயனத்தின் மேல் ஊதா ஒளி பட்டால் துணி நீலமாக ஒளிரும். இது பாடத்தில் உள்ளது. உடனே நான் சொன்னேன், "உனக்கு ஒரு சின்ன ஊதா லேசர் செய்து தருகிறேன். பேனா மாதிரி பையில் போட்டுக்கொண்டு போகலாம்."

"ஆபீஸ்ல அதுக்குன்னு லைட் பெட்டியே இருக்குங்க மாமா. அன்னைக்குப் பல்பு போயிடுச்சு, அவ்வளவுதான்" என்றாள்.

அவளுக்குக் கூச்சம். பெரியவரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்கிற பண்பு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லேசர் மாட்யூல் வந்தது. உங்கள் சுண்டுவிரல் அளவு பித்தளை உருளை. ஒரு முனையில் சிறிய வில்லை, மறு முனையில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர். பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, அதில் இவ்வளவு திறன் என்று போட்டிருந்தது. சீட்டை நம்பாதே என்பது என் முதல் விதி. மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். லேசரை விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறார்கள். சுவரில் ஒரு புள்ளி, பூனை துரத்துகிறது, சிரிப்பு. கண்ணுக்குள் போனால் அந்த ஒளி முழுவதையும் விழியே குவித்து, பின்சுவரில் ஊசிமுனை அளவு இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். பூதக்கண்ணாடியால் வெயிலைப் பிடித்துக் காகிதத்தைக் கருக்குவது போல.

நான் எப்படிச் சோதித்தேன் என்று கேளுங்கள். எவனாவது குறை சொல்லட்டும். பேட்டரியோடு நேராக இணைக்கவில்லை. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்னப் பலகை வைத்து, குறைந்த அளவில் தொடங்கி, மீட்டரைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினேன். சூடு தாங்க அலுமினியக் கட்டையில் பொருத்தினேன். கையில் பிடிக்காமல் மேஜையோடு இறுக்கினேன், கதிர் யார் கண்மட்டத்துக்கும் வராதபடி தாழ்வாக. எதிரே பளபளப்பில்லாத கறுப்பு அட்டை. மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றி வைத்தாயிற்று. எவர்சில்வர் டம்ளர் அந்த அறைக்குள் வரக்கூடாது என்று உத்தரவு போட்டேன். கௌசல்யா எனக்குக் காபியைப் பீங்கான் கோப்பையில் கொடுத்தது அந்த நாட்களில்தான். அதற்கென்று ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கினேன். கறுப்புக் கண்ணாடி உதவாது, வெயிலுக்குப் போடுகிற எதுவும் உதவாது. இன்ன நிற ஒளிக்கு இன்ன கண்ணாடி என்று கணக்கு இருக்கிறது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோகிலா துணியைப் பார்த்தாள். "மாமா, இதைப் போட்டா ஊதாவும் தெரியலை, துணி ஒளிர்ற நீலமும் தெரியலை. அப்புறம் எதை வெச்சுச் செக் பண்றது?" என்றாள்.

"ஆராய்ச்சிக்குப் பொறுமை வேண்டும்" என்றேன்.

"பொறுமை இருக்குங்க மாமா. வெளிச்சம்தான் இல்லை" என்றாள். கௌசல்யா அடுப்படியிலிருந்து சிரித்தாள்.

சரி, கண்ணாடியைக் கழற்றி, துணியின் மேல் விழும் புள்ளியை மட்டும் பக்கவாட்டில் பார்ப்பது என்று முடிவாயிற்று. நேர்க்கதிரைப் பார்ப்பது வேறு, துணியில் பட்டுச் சிதறுவதைப் பார்ப்பது வேறு. அங்கேதான் சிக்கல். புள்ளி மங்கலாக இருந்தது. மிக மங்கல். வாடிய கத்தரிப்பூ போல, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற மாதிரி. மனிதக் கண்ணுக்கு ஊதா சரியாகத் தெரியாது என்பது எனக்குத் தெரியாதா? நானே கரும்பலகையில் வரைந்து காட்டிய வரைபடம் அது. பச்சைக்குக் கண் ஓடி வரும், ஊதாவுக்குப் படுத்துக்கொள்ளும். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். பாடநூலில் சராசரிக் கண் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு இவ்வளவு திறனில் இவ்வளவு வெளிச்சம் தெரிய வேண்டும் என்று வரும். அவ்வளவுகூடத் தெரியவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், வலுவில்லாத சரக்கு என்று தீர்மானித்தேன். மின்னோட்டப் பலகையில் ஒரு குட்டித் திருகு இருந்தது. கொஞ்சம் கூட்டினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம்.

கோகிலா உள்ளே வந்தாள். வந்தவள் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டாள். "ஐயோ மாமா, கண்ணு கூசுதுங்க. எதுக்கு இவ்வளவு? குறைங்க."

நான் கௌசல்யாவைக் கூப்பிட்டேன். சாட்சி வேண்டும் அல்லவா? "உனக்கு எப்படித் தெரிகிறது?"

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "எங்க? ஓ, இதா? எனக்கு மங்கலாத்தான் இருக்கு."

இரண்டுக்கு ஒன்று. அறிவியலில் வாக்கெடுப்புக் கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பார்த்தவர்கள் மூன்று பேர், இரண்டு பேர் சொல்வது ஒத்துப்போகிறது என்றால், மூன்றாவது ஆளிடம்தானே சந்தேகம் வரும்? அவளிடம் சொன்னேன், "நாள் முழுக்க வெள்ளையையே உற்றுப் பார்த்து உன் கண் களைத்துப்போயிருக்கிறது. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்."

"விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் குறைச்சே வைங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதோ, அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்து போகிறாள், பார்த்தீர்களா? இன்றைக்கு அவளுக்கும் ஸ்கேன் இருக்கிறது. முதல் ஸ்கேனுக்குப் பிறகு கொஞ்ச காலம் கழித்து வரச் சொல்லியிருந்தார் டாக்டர். வீக்கம் வற்றினால் பார்வை ஏதாவது திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். அது இன்றைக்குத் தெரியும். நான் உள்ளே கூட வரட்டுமா என்று கேட்கலாம் என்று நினைத்தேன். யாரிடம் கேட்பது? கடிகாரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

ஆயுத பூஜைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அதைக் கௌசல்யா விடமாட்டாள். தையல் மெஷின், அரிவாள்மணை, ஸ்கூட்டர் சாவி, பரணியின் லேப்டாப், என் புத்தகங்கள், கோகிலாவின் நிற அட்டைகள், அவள் நூல் எண்ணுகிற மடக்குப் பூதக்கண்ணாடி எல்லாம் சாமி அலமாரி முன்னால் வரிசையாக ஏறிவிட்டன. என் லேசரும் அலுமினியக் கட்டையோடு ஏறியது. அந்த ஆரஞ்சுக் கண்ணாடியும் கருவிதானே? அதுவும் ஏறியது. இரண்டு சில்லிலும் நட்ட நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரைக்கும் எடுக்கக்கூடாது. இது கௌசல்யாவின் விதி. விதிகளை மதிப்பவன் நான்.

அலமாரியின் பின்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்தது. விளக்கு இரண்டாகத் தெரிந்தால் லட்சுமிகரமாக இருக்கும் என்று கடையில் சொன்னானாம். கருவிகளைச் சாமியைப் பார்த்துத்தான் வைப்பார்கள். லேசரும் சாமியைப் பார்த்து இருந்தது. அப்படி வைத்தது நான் அல்ல, கௌசல்யா. இதை நான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

கர்ப்பூரம் காட்டுவது கோகிலாவின் பொறுப்பு. தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, கொஞ்சம் குனிந்து நின்றாள். கௌசல்யா தையல் மெஷின் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினாள். பரணி லேப்டாப்பைத் திறந்து மூடினான். இயந்திரம் என்றால் அன்றைக்கு ஒருமுறை ஓட்டிக் காட்ட வேண்டும், அது வழக்கம். "ஏனுங்க, உங்க லைட்டையும் ஒருக்கா போட்டுக் காட்டுங்க. சாமி முன்னாடி வெச்சுட்டுப் போடாம விட்டா குறை" என்றாள் கௌசல்யா. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் நல்ல நாளில் எதற்கு வாதம் என்று சுவிட்சை எடுத்தேன்.

கோகிலா திரும்பிப் பார்த்து, "வேண்டாங்க மாமா. பின்னாடி கண்ணாடி இருக்கு" என்றாள்.

"கர்ப்பூர வெளிச்சத்தில் பாதிகூட இருக்காது அது" என்றேன். அழுத்தினேன்.

ஒன்றும் தெரியவில்லை. கர்ப்பூரம் எரிகிறது, குத்துவிளக்கு எரிகிறது, சீரியல் பல்பு வேறு மினுக்கிக்கொண்டிருக்கிறது. இதற்கு நடுவில் என் விளக்கு எரிந்ததா என்றே எனக்குத் தெரியவில்லை. ஒயர் கழன்றுவிட்டதோ என்று நினைத்தேன். கையை எடுத்துவிட்டு, மறுபடியும் அழுத்தினேன். இந்த முறை நன்றாகத் தெரியட்டும் என்று பிடித்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு பரணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் தடவை கண்ணாடியில் பட்டுத் திரும்பியபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டுவிட்டாளாம். கையில் எரிகிற தட்டு இருக்கிறது, முகத்தை மறைக்க முடியாது, சட்டென்று விலகவும் முடியாது. மாமா அணைத்துவிட்டார், முடிந்தது என்று கண்ணைத் திறந்தாளாம்.

அவள் கத்தவில்லை. தட்டைப் பதனமாகக் கீழே வைத்தாள். கர்ப்பூரம் அணையக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, "மாமா, அணைங்க" என்றாள்.

அதற்குப் பிறகு என்னிடம் அவள் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

டாக்டர் படம் காட்டினார். விழியின் பின்சுவரில் நட்ட நடுவில் ஒரு வெந்த புள்ளி. நேராக எதை உற்றுப் பார்க்கிறாளோ அது மட்டும் அந்தக் கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுற்றி இருப்பதெல்லாம் தெரியும். மற்றக் கண் சுத்தமாக இருக்கிறது, பிழைப்புக்கு அது போதும் என்றார். கம்பெனியும் ஒன்றும் விரட்டவில்லை. அந்த நிறவில்லைகளை அவளே கேட்டு வாங்கி, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அடுக்கிப் பார்த்தாளாம். பாதியிலேயே எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டாளாம். "ரெண்டு கண்ணும் ரெண்டு கதை சொல்லுது. எதை நம்பிக் கையெழுத்துப் போடறது?" என்று பரணியிடம் சொன்னாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். வேலையை விட்டுவிட்டாள். இப்போது அந்த மேஜையில் வேறொரு பெண்.

எனக்கு வருத்தம் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் முறைப்படி பாருங்கள். ஆரஞ்சுக் கண்ணாடியில் சந்தனம் வைத்தது யார்? சாமி அலமாரியில் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்தது யார்? சீட்டில் தப்பாக எழுதி ஒட்டியது யார்? என் பழைய மாணவன் ஒருவன் அந்த லேசரைக் கல்லூரியில் அளந்து பார்த்தான். போட்டிருந்ததைவிட எட்டு மடங்கு. அவ்வளவையும் விட்டுவிட்டு என்னோடு மட்டும் பேசாமல் இருந்தால் அது என்ன நியாயம்?

இன்னொன்று சொல்கிறேன். இது வேறு யாருக்கும் தெரியாது. எனக்கு இந்த வலது கண்ணில் புரை எடுத்துப் புது வில்லை வைத்தார்கள் அல்லவா? கட்டுப் பிரித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, மாட்யூலை எடுத்துப் பழையபடி மேஜையில் இறுக்கி, சுவரிலிருந்த கறுப்பு அட்டையின் மேல் விட்டேன். எல்லா விதிகளோடும்தான். அதே திருகு, அதே அளவு, நான் எதையும் தொடவில்லை. ஆபரேஷன் ஆகாத கண்ணால் பார்த்தேன். அதே வாடிய கத்தரிப்பூ. அதை மூடிக்கொண்டு புதுக் கண்ணால் பார்த்தேன்.

வெல்டிங் பொறி பார்த்திருக்கிறீர்களா? அப்படி இருந்தது. அறை முழுக்க ஊதா. என் கை தானாக நெற்றிக்கு மேல் போயிற்று. அப்படிக் கையை வைத்ததை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

வயதானால் விழிக்குள் இருக்கும் வில்லை பழுத்து மஞ்சளாகிவிடும், ஊதாவை உள்ளே விடாமல் குடித்துவிடும். எனக்கும் பழுத்திருந்தது, கௌசல்யாவுக்கும் பழுத்திருந்தது. இரண்டு பேரும் ஒரே மாதிரி சாட்சி சொன்னோம். பாடநூலில் சராசரிக் கண் என்று போட்டவன், அது எந்த வயதுக் கண் என்று போட்டிருக்க வேண்டும். அது நூலின் குறை. ஒரு கட்டுரை எழுதி அனுப்பலாம் என்றிருக்கிறேன். கோகிலாவிடம்தான் முதலில் சொல்லிப் பார்க்க வேண்டும். என் வாதத்தில் ஓட்டை இருந்தால் அவள்தான் கண்டுபிடிப்பாள்.

வந்துவிட்டாள். கையில் படம் இருக்கிறது. முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. உங்கள் பக்கம்தான் வருகிறாள்.

கேட்டீர்களா? என்னைத் தாண்டி உங்களிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். "ஏனுங்க, பக்கத்துல இருக்கறவருகிட்டச் சொல்லிடுங்க. அவருக்கு அடுத்த கண்ணுக்கும் ஆபரேஷன் தேதி குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு கண்ணுலயும் எல்லாம் நல்லாத் தெரியுமாம்."

நீங்களாவது கேட்டிருக்கலாம், உனக்கு என்ன சொன்னார்கள் அம்மா என்று. பரவாயில்லை. படத்தை உறையில் போடாமல் நாலாக மடித்தாள், கவனித்தீர்களா? மறுபடி காட்ட வேண்டிய படத்தை யாரும் அப்படி மடிப்பதில்லை.

பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டாள். இப்போது பாருங்கள், இடது கண்ணைக் கையால் பொத்திக்கொள்கிறாள். அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. ஜன்னல் திரையைப் பார்ப்பாள், சுவரைப் பார்ப்பாள், இன்றைக்காவது புள்ளி சிறுத்திருக்கிறதா என்று. நானும் அப்படித்தான், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பேர் நாள் முழுக்க இதே சோதனைதான்.

இல்லை, அவள் திரையைப் பார்க்கவில்லை. உங்களுக்குத் தூரம் தெரியும், பார்த்துச் சொல்லுங்கள். நல்ல கண்ணை மூடிக்கொண்டு, நேராக, என் முகத்தைத்தானே பார்க்கிறாள்?